ஐந்து பைலிலும் என் கைத்தையல்

இன்றைக்கு என் கையில் சான்றிதழ் தந்தார்கள்!

தையல் பயிற்சிச் சான்றிதழ். என் முழுப் பெயரோடு. (கசங்கிவிடும் என்று பஸ்ஸில் மகளைக்கூட மடியில் வைக்கவில்லை. இவரிடம் கொடுத்துவிட்டேன். வழி முழுக்க முறைத்துக்கொண்டே வந்தாள்.)

சண்டையில் என் பள்ளிக்கூட ஓ.எல்., ஏ.எல்., கல்லூரி டிப்ளோமா எல்லாச் சான்றிதழும் போய்விட்டது. முகாமிலிருந்து விடத்தல்தீவுக்குத் திரும்பி வந்தபோது, நான் படித்தவள் என்பதற்கு என் வாய் மட்டும்தான் சாட்சி. அதனால்தான் மகளை மாமியிடம் விட்டுவிட்டு, மன்னாரிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்துக்குத் தினமும் பஸ் ஏறினேன்.

ஆனால் இந்தக் கடதாசி வந்த கதை கொஞ்சம் வில்லங்கமானது!

வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் வருவதற்கு முதல் நாள். தையல் ரீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உம்மட எழுத்து வடிவு. எல்லாற்ற பைலுக்கும் மேல பேரை எழுதிவிடும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒவ்வொரு பைலிலும் அவரவர் தைத்த மாதிரித் துண்டுகள் இருக்கும். அதைப் பார்த்துத்தான் மதிப்பீட்டாளர் புள்ளி போடுவார்.

எண்ணிப் பார்த்தால் பதினான்கு பைல். வகுப்பில் இருப்பதோ பத்துப் பேர்! மற்ற நான்கு பெண்களும் இரண்டாம் வாரத்தோடு நின்றுவிட்டார்கள்.

நின்றவர்களில் ஒருத்தியின் பைலைத் திறந்தேன். பாவாடை விளிம்பை மடித்துக் கையால் தைத்த துண்டு ஒன்று இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

அது என் தையல்!

நான் இடக்கைக்காரி. மற்றவர்களின் தையல் ஒரு பக்கம் சரிந்தால், என்னுடையது எதிர்ப்பக்கம் சரியும். நின்றுபோன மற்ற மூவரின் பைலையும் திறந்தேன். நான்கிலும் எதிர்ப்பக்கம்தான் சரிந்திருந்தது.

அப்போதுதான் விளங்கியது. "உம்மட சாம்பிளைக் காணேல்ல பிள்ளை, திரும்ப ஒண்டு தையும்" என்று ரீச்சர் நான்கு தரம் கேட்டிருந்தார். நானும் என் கவலையீனம் என்று என்னையே திட்டிக்கொண்டு நான்கு தரம் தைத்துக் கொடுத்தேன். (எலி தின்றிருக்கும் என்று வீட்டில் சொன்னேன். "உம்மட தையலை மட்டும் தேடித் தின்னுற எலியோ?" என்று இவர் கேட்டார். அப்போதாவது யோசித்திருக்கலாம்!)

நேரே பொறுப்பதிகாரியிடம் போனேன்.

"சேர், வராத ஆக்களின்ர பைலுக்குள்ள என்ர தையலை வச்சிருக்கினம்."

அவர் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார்.

"பிள்ளை, நாலு பேர் குறைஞ்சால் அடுத்த முறை இந்தக் கோர்ஸே இல்லை. உங்களுக்காகத்தானே செய்யிறம்?"

"எண்டாலும் பிழைதானே சேர்?"

"சரி, பிழை. அப்ப தைச்சுக் குடுத்தது ஆர்? நீங்கள்தானே! உங்கட பைலையும் நிப்பாட்டுவினம். சின்னப் பிள்ளை ஒண்டும் வச்சிருக்கிறீங்கள். யோசியுங்கோ."

யோசித்தேன். பஸ் தள்ளாடிச் சந்தியைத் தாண்டும்வரை யோசித்தேன். கடைக்கோ கந்தோருக்கோ வேலை கேட்டு அந்தச் சான்றிதழோடு போகிற ஒருத்திக்கு ஊசி பிடிக்கத் தெரியாவிட்டால், அடுத்ததாகப் போகிற என் சான்றிதழை யார் நம்புவார்கள்? பிறகு மகளின் முகத்தைப் பார்த்ததும் மறுபடியும் பயம்.

அடுத்த நாள் மதிப்பீட்டாளர் வந்தார். கழுத்தில் கண்ணாடி தொங்கவிட்ட ஒரு மிஸ். முதல் பைலைத் திறக்கமுதல் எழும்பி நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரீச்சர் நிலத்தைப் பார்த்தார்.

"இது உங்கட தையல் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?"

"ஒரு துண்டுத் துணி தாங்கோ மிஸ். எனக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும் தாங்கோ."

பத்துப் பேரும் அவருக்கு முன்னாலேயே விளிம்பு தைத்தோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்துத் துண்டையும் மேசையில் பரப்பினார். ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் சரிந்திருந்தது. பைல்களைத் திறந்தார். அவற்றில் என்னுடையதோடு சேர்த்து ஐந்து!

எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். மதிப்பீடு நிறுத்தப்பட்டது. எல்லோருக்கும்.

வெளியே வந்ததும் றோஸ்மேரி அக்கா பிடித்துக்கொண்டார். எங்கள் ஊர்தான், ஒரே வகுப்பு, ஒரே பஸ்.

"நல்லாச் செய்தாய் தங்கச்சி! நாலு பேரைப் பிடிக்கப் போய்ப் பத்துப் பேரையும் தாட்டுப்போட்டாய். உனக்கு மண்டைக்குள்ள படிப்பு இருக்கு. எங்களுக்கு என்ன இருக்கு?"

அதன் பிறகு பஸ்ஸில் அக்கா எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை.

விசாரணைக்கு மூன்று தரம் கூப்பிட்டார்கள். மூன்று தரமும் அதையேதான் சொன்னேன். தெரியாமல்தான் தைத்துக் கொடுத்தேன் என்று கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். பொறுப்பதிகாரியை மாற்றினார்கள், ரீச்சரையும்தான். (ரீச்சரை நினைத்தால் இன்னும் சங்கடம். எனக்குக் கொலர் வைக்கப் பழக்கியது அவர்தான்.)

பிறகு புதிதாக மதிப்பீடு வைத்தார்கள். பழைய பைல் ஒன்றும் செல்லாது. துணி வெட்டுவதிலிருந்து பொத்தான் வைப்பதுவரை எல்லாம் மிஸ்ஸின் கண்ணுக்கு முன்னால்.

பத்துப் பேரும் பாஸ்!! முதலாவது ஆள் யார்? றோஸ்மேரி அக்கா!

இன்றைக்குச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அக்கா என்னிடம் வந்தார்.

"இது நான் தைச்சதுக்குத் தந்தது. என்னடி?"

"ஓம் அக்கா. நீங்கள் தைச்சதுக்குத்தான்."

"பின்ன என்னத்துக்கு அழுறாய், விசரி!"

அடுத்த பிரிவுக்கும் ஆள் எடுக்கிறார்கள். நின்றுபோன நால்வரில் இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் இவர் சான்றிதழைப் பொலித்தீன் பைக்குள் வைக்கப் போனார். எங்கள் முக்கியமான கடதாசி எல்லாம் கதவுக்குப் பக்கத்தில் அந்தப் பைக்குள்தான் இருக்கும். திரும்பச் சண்டை வந்தால் தூக்கிக்கொண்டு ஓட வசதி.

"இதைப் பைக்குள்ள வைக்காதேங்கோ. சுவரில மாட்டுவம்" என்றேன்.

இவர் பையைக் கீழே வைத்துவிட்டுச் சுத்தியல் தேடப் போனார்.

மூன்று ஆணி வளைந்துவிட்டது. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த இந்த வீட்டுச் சுவர் இவ்வளவு உறுதி என்று எங்களுக்கு இன்றைக்குத்தான் தெரியும்!

விடத்தல்தீவில் யாரிடமாவது டிரில் மெஷின் இருக்கிறதா?