சிவப்புக் காரின் இரண்டாவது சீட்டு

கல்யாணமான புதிதிலேயே எனக்கு ஒரு சக்களத்தி வந்து சேர்ந்தாள். நிறம் சிவப்பு, பிறந்தது சீமை, உட்கார இரண்டே சீட்டு.

எழுபதுகளில் திருத்தணி மெயின் ரோட்டோரம் என் வீட்டுக்காரர் கார்களுக்கு டிங்கரிங் செய்யும் ஷெட் வைத்திருந்தார். வீடு அதற்குப் பின்னாலேயே. மெட்ராஸிலிருந்து சாமி கும்பிட வந்த ஒருவருடைய கார், மலையிறங்கும்போது பானட்டைத் தாங்கும் கீல் உடைந்து நின்றுவிட்டது. பானட்டைக் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்து எங்கள் ஷெட்டில் விட்டுவிட்டு அவர் ரயிலேறினார். ஸ்போர்ட்ஸ் காராம். ரொம்பப் பழசாம். அந்த மாதிரி வண்டி இப்போது கண்ணிலேயே படாதாம். இந்த 'ஆம்' எல்லாம் என் வீட்டுக்காரர் சொன்னது. சோற்றில் கை வைத்தால் கார், படுத்தால் கார். கல்யாணமானதிலிருந்து என்னிடம் பேசிய மொத்தப் பேச்சைவிட அந்தக் கீலைப் பற்றிப் பேசியது அதிகம்.

"இன்னாடி, உன் சக்களத்தி எப்டி கீறா?" என்று பக்கத்து வீட்டு அக்கா தினமும் கேட்பாள். "மலமேல கீறவருக்கே ரெண்டு பேரு. உன் வூட்டுக்காரருக்கு இருக்கக் கூடாதா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

என் மூஞ்சி போன போக்கைப் பார்த்தோ என்னவோ, ஒருநாள் அவரே சொன்னார்: "புதுக் கீலு மாட்டிட்டு கே.ஜி.கண்டிகை வரிக்கும் ஒரு ட்ரயல் அடிக்கணும். நீயும் வாயேன்."

கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அந்த இரண்டாவது சீட்டில் உட்கார்ந்து அக்கா வீட்டு வாசலைத் தாண்டிப் போக வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

மெட்ராஸ் புதுப்பேட்டையில் பழைய சாமான் கடை கடையாக ஏறி இறங்கி, பொருந்துகிற மாதிரி ஒரு ஜோடிக் கீல் வாங்கி வந்தார். மாட்டுகிற அன்றைக்குக் கை கொடுக்க ஆள் இல்லை. பானட்டின் ஒரு பக்கத்தை நான்தான் தாங்கிப் பிடித்தேன். பழைய கீலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் போல்ட்டைக் கழற்றினார். புதுசு அந்தக் கோட்டுக்குள்ளேயே உட்கார வேண்டுமாம். இம்மி நகர்ந்தாலும் மூடும்போது இடிக்குமாம்.

"ஆட்டாதமே! பெயிண்ட்டு பூடும்!"

என் தோள் பிய்ந்து போவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெயிண்ட் கீறாமலிருக்க விளிம்பில் மடித்துப் போட்டிருந்த துணியை அப்போதுதான் பார்த்தேன். பொதட்டூர்பேட்டையில் என் நைனா தன் கையாலேயே நெய்து மாப்பிள்ளைக்கென்று கொடுத்த லுங்கி!

"ஏங்க, உங்களுக்கே இது நல்லாகீதா? எங்க நைனா பாத்தா இன்னா நெனைப்பாரு?"

"மெத்துனு கீது, அதான்."

சொல்லி வாய் மூடவில்லை, நைனா வந்து நின்றார். மலைக்கு வந்தவர் எங்களை எட்டிப் பார்க்க வந்திருக்கிறார். மனுஷன் வசமாக மாட்டிக்கொண்டார் என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. நைனா லுங்கியைப் பார்த்தார். காரைப் பார்த்தார். காரைச் சுற்றி வந்தார்.

"நம்ம துணி பட்ட எடத்துல கீறல் வுழுங்களா மாப்ள?" என்றார் பெருமையாக.

பெற்ற அப்பன் பேசுகிற பேச்சா இது? அதோடு விட்டாரா? என்னை நகரச் சொல்லிவிட்டுப் பானட்டைத் தானே பிடித்துக்கொண்டார்.

போல்ட்டை இறுக்கி முடித்ததும் பானட் டப்பென்று அழகாக மூடியது. நான் உள்ளே ஓடி முகம் கழுவி, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால், அந்த இரண்டாவது சீட்டில் என் நைனா! துண்டை மடியில் போட்டுக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார்.

"மாமா வந்துகீறாரு, வுட்டுட்டுப் போனா மரியாதயா இருக்காது," என்றார் என் வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்க்காமல். "நாம அப்பறம் போலாம்."

கார் போயே விட்டது. பக்கத்து வீட்டு அக்கா காரைப் பார்த்தாள். பிறகு, தலை நிறையப் பூவோடு நின்ற என்னைப் பார்த்தாள். வயிறு எரிந்தது எனக்கு. அந்தக் காரைப் பார்த்து எரிந்ததெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

அவர்கள் திரும்பி வந்தபோது மெட்ராஸ்காரர் ஷெட் வாசலில் காத்திருந்தார். சாவியை வாங்கிக்கொண்டு அப்படியே கிளம்பிவிட்டார். என் 'அப்பறம்' அதோடு சரி.

நைனாவுக்குத் தலைமுடியெல்லாம் காற்றில் குத்திட்டு நின்றது. வாய் மூடவே இல்லை, அவ்வளவு சிரிப்பு. பஸ்ஸுக்குப் புறப்படும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. தன்ன வுட்டுட்டு கார்ல போனேன்னு தெரிஞ்சா வயிறெரிஞ்சி பூடுவா."

"ஆங், சொல்லல நைனா," என்றேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். அம்மா தறியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். நைனா காரில் போன கதையை, கே.ஜி.கண்டிகை வரைக்கும் ஒரு வளைவு விடாமல் சொன்னேன்.