ஆண் பூச்சியும் ராத்தாவின் வீடும்

பார்வைக்குப் பெரிய நுளம்பு, ஆனால் கடிக்காது; கால்கள் மட்டும் விரல் நீளம். மலை ஓடைப் பாசியில் பிறக்கும் இந்த நெடுங்கால் பூச்சிகளை இனம் பிரிப்பதுதான் ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்தில் என் ஆராய்ச்சி. பெண் பூச்சியை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஏறக்குறைய எல்லாம் ஒரே அச்சு. ஆணின் வால் நுனியில்தான் இனத்துக்கு இனம் வேறுபடும் கொக்கிகள் இருக்கும். அதைக் கொன்று, வாலை வெட்டி, காரக் கரைசலில் வேகவைத்து, நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும்.

நக்கிள்ஸ் மலையில் அட்டை கடிக்கக் கடிக்க அலைந்தும் பெண்கள்தான் அகப்பட்டன. செட்டையில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு புள்ளி; எவரும் பெயர் வைக்காத இனமோ என்று சந்தேகம். ஆண் இல்லாமல் யாரிடம் வாய் திறப்பது? பாசியோடு குடம்பிப் புழுக்களை அள்ளி, மீனுக்கு ஐஸ் போடுகிற ரெஜிபோம் பெட்டியில் வைத்துக் கல்முனைக்குக் கொண்டுவந்தேன். நம் கரையோர வெக்கையில் ஒவ்வொன்றாகச் செத்து, ஒன்றே ஒன்று மிஞ்சியது.

பெட்டி இருந்தது என் அக்காவின், அதாவது ராத்தாவின் வீட்டுப் பின்னறையில். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். மச்சான் அப்படி வந்தவர். நான் எனக்கென்று ஒரு வீடு எழும்பும்வரை ஒட்டிக்கொண்டிருப்பவள். அந்த வாரம்தான் அவர்களுடைய மகள் டெங்குவில் பிழைத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். மச்சான் நுளம்பு அடிக்கும் கரண்ட் பேட்டைக் கையைவிட்டு இறக்கவேயில்லை. பெட்டிக்குள் என்ன என்று அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

அன்று காலை அது வெளிவந்தது. ஆண்! வால் நுனி தடித்திருந்ததைக் கண்டு துள்ளினேன். ஆனால் உடம்பு இறுகாமல் கொன்றால் கொக்கியின் உருவம் சரியாகத் தெரியாது. பின்னேரம் அஸர் தொழுகை முடித்துவிட்டுக் கொல்லலாம் என்று விட்டுவைத்தேன்.

தொழுகையின் கடைசிச் சலாம் கொடுத்து முடிக்கவும் படார் என்றொரு சத்தம். ஓடினேன். பெட்டி உடைந்து, பாசித் தண்ணீர் நிலமெங்கும் ஓடியது. மச்சான் பேட்டை ஓங்கி ஓங்கி வீசிக்கொண்டிருந்தார்.

"என்ட புள்ள செத்துப் பொழச்சி வந்திரிக்கி. நீ ஊட்டுக்குள்ள நுளம்பு வளக்கிறியா?"

கடிக்கிற வாயே அதற்கு இல்லை என்று கத்தினேன். கேட்கிற நிலையிலா இருந்தார்? பூச்சி சுவரில் போய் ஒட்டியது. அவர் காலிலிருந்த செருப்பைக் கழற்றினார். நான் பாய்ந்ததில் அவர் சட்டை கிழிந்தது. அவர் தள்ளியதில் நான் கதவு நிலையில் மோதி உதடு கிழிந்தது. நான் பேட்டைப் பிடித்துக்கொள்ள, ஒரு கையால் அதற்கு என்னோடு இழுபறிப்பட்டுக்கொண்டே, மற்றக் கையால் செருப்பைச் சுவரில் அறைந்தார். அதே நேரம் பேட் முறிந்து, விலக்க வந்த ராத்தாவின் புருவத்தைக் கிழித்தது. இரத்தம் கன்னத்தில் ஒழுகியது.

ராத்தா அழவில்லை. "இது என்ட ஊடு. ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றாள்.

போனோம். முற்றத்தில் ஆளுக்கொரு மூலையில் நின்றோம். அவள் முந்தானையால் புருவத்தை அழுத்திக்கொண்டு நிலத்தைக் கழுவத் தொடங்கினாள். காலும் வேண்டாம், செட்டையும் வேண்டாம், வால் நுனி மட்டும் போதும் என்று யன்னலில் நின்று கெஞ்சினேன். அவள் மச்சானின் செருப்பைத் தூக்கிக் கம்பிக்குள்ளால் நீட்டினாள். அடியில் ஒரு கறை. தலைத்துணியில் குத்தியிருந்த ஊசியால் கிளறிக் கிளறிப் பார்த்தேன். ஒரு கொக்கியும் முழுசாக இல்லை. மச்சானின் கழுத்தை நெரிக்க வேண்டும்போலிருந்தது.

ராத்தா யன்னலை விட்டுப் போகவில்லை.

"திரும்ப மலைக்குப் போ, ஆணத் தேடிப் புடி. ஆனா அங்கயே சாகடிச்சிப் போட்டுக் கொண்டு வா. உசிரோட ஒண்டும் இனி இந்த ஊட்டுக்குள்ள வரப்படா."