கடல் இல்லாத நாட்டுக்குக் கப்பலில் போனவர்

என் கையெழுத்தைப் படிப்பது சிரமம் என்று எனக்கே தெரியும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். எங்கே ஒற்று போடுவது, எங்கே விடுவது என்பது இன்றுவரை பிடிபடவில்லை. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுதாமலே இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் போன மாதம் கிளேபாங்கில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அக்காவின் மகள் சுற்றுலாவில் எடுத்த பனிமலைப் படங்களை என் மடியில் பரப்பி, "மாமா, சுவிட்சர்லாந்துன்னு ஒரு நாடு இருக்கு, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியுமாவா? அந்த நாட்டுக்காக நான் வாங்கிய குட்டுகள் என் தலைக்குத்தான் தெரியும். கூச்சத்தில் "தெரியும்மா" என்று மட்டும் சொன்னேன். அக்கா அந்த நேரம் முழுக்க அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்கா முழுக்கப் பேச்சாக இருந்த காலம். காஜா பேராங்கில் எங்கள் வீடு. அப்பா இல்லை, ஆகவே எல்லாவற்றையும் தாய்மாமன் முடிவு செய்தார். மாமா ஆற்று முகத்துவாரத்தில் மூட்டை இறக்கும் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். எங்கள் ஊரில் பெரிய கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாமல் கடலில் தூரத்திலேயே நின்றுவிடும். தொங்கான் படகுகள் போய்ச் சரக்கை ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குள் வரும். தினமும் இதைப் பார்த்து வந்ததால், கப்பலைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்பது மாமாவின் எண்ணம்.

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவர்தான். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. செமாபோக்கில் இருந்த அவருடைய பெரியப்பா, "சுவிட்சர்லாந்து வரைக்கும் கப்பல்ல போயிட்டு வந்த பையன்" என்று சொல்லிவிட்டார். மாமா அந்தப் பெயரை வெற்றிலைபோல் வாயில் போட்டு மென்றுகொண்டே திரிந்தார்.

"வருஷத்துல பத்து மாசம் கடல்ல கெடக்குறவருக்கு எதுக்கும்மா பொண்டாட்டி? எனக்கு வேணாம்" என்றாள் அக்கா.

"மாமா பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று அம்மா வெங்காயத்தை நறுக்கினாள். மாமாவிடமே அக்கா சொன்னபோது, "பொண்ணுங்க மொதல்ல அப்படித்தான் சொல்லும்" என்று அவர் கோப்பியைக் கலக்கினார். பெண் பார்க்க வரும் அன்றே வெற்றிலைத் தட்டு மாற்றிவிடுவது என்று முடிவாகிவிட்டது. தட்டு மாறிவிட்டால் அதன் பிறகு பேச்சே கிடையாது.

என் கெட்ட நேரம், பள்ளிப் புத்தகத்தில் அந்த நாட்டைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. வந்தவர்கள் முன்னால் நான் அதை ஒப்பிக்க வேண்டும் என்று மாமாவுக்குத் தோன்றிவிட்டது. "மெர்டேக்கா வருது. நமக்கும் ஒலகம் தெரியும்னு அவங்களுக்குக் காட்ட வேணாமா?" இரண்டு பேர் சேர்ந்து பார்த்தாலே தலையைக் குனிந்துகொள்ளும் பையன் நான். அதை யார் யோசித்தார்கள்? சொல்லிக்கொடுக்கும் வேலையை மாமா அக்காவிடம் தள்ளிவிட்டார். அவர் ஒரு நாளும் உட்கார்ந்து கேட்கவில்லை. போகிறபோக்கில் "சத்தமா" என்று என் தலையில் தட்டுவதோடு சரி.

பாடம் இன்றும் நாக்கில் இருக்கிறது. சுவிட்சர்லாந்து ஐரோப்பாவின் நடுவே அமைந்த மலைநாடு. அதன் தலைநகர் பெர்ன். அங்கு நான்கு மொழிகள் பேசப்படுகின்றன. மக்கள் கறவை மாடுகள் வளர்ப்பதிலும் கடிகாரங்கள் செய்வதிலும் சிறந்தவர்கள். நாற்புறமும் பிற நாடுகள் சூழ்ந்திருப்பதால் இந்நாட்டுக்குக் கடல் கிடையாது. எனினும், ரைன் என்னும் ஆற்றின் வழியாகச் சரக்குக் கப்பல்கள் கடலிலிருந்து அதன் எல்லை நகரம் வரை வந்து செல்கின்றன.

இவ்வளவையும் உருப்போட்டு முடித்த பிறகு, ஒரு மத்தியானம் அக்கா புத்தகத்தை வாங்கித் தனக்குள் படித்தாள். விரல் அந்தப் பக்கத்திலேயே வெகுநேரம் நின்றது.

"கடைசி வரி வேணாம்டா. கடல் கிடையாதுன்னு சத்தமா சொல்லி நிறுத்திடு."

"வாத்தியார் அடிப்பாரு."

"வாத்தியாரா என்னப் பொண்ணு பாக்க வர்றாரு?"

உருப்போட்ட வரி வெட்டினால் நிற்குமா? பல்லிவால் மாதிரி துள்ளிக்கொண்டு வரும். "எனினும்" என்று நான் வாயெடுக்கும்போதெல்லாம் அக்காவின் குட்டு விழுந்தது. பாடத்தை மறந்து அடி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மறக்காமல் அடி வாங்கியவன் நான் ஒருவன்தான்.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை ஒல்லியான மனிதர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்செல்லாம் பெரியப்பாதான். மாமா என் முதுகில் கை வைத்து நடுக்கூடத்தில் தள்ளினார்.

நான்கு மொழிகள் என்றபோது மாப்பிள்ளை முகத்தை நிமிர்த்தினார். கறவை மாடுகள் என்றபோது ஆமாம் என்பதுபோல் தலையாட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் தைரியத்தில் கடைசி வாக்கியத்தைத் தெரு வரை கேட்கும்படி சொன்னேன். கடல் கிடையாது.

யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. மலாய் பேசும் செட்டிகள் வாழும் பக்கத்துக் கம்போங் செட்டியிலிருந்து பலகாரம் செய்ய உதவிக்கு வந்த அம்மாளுக்குத் தமிழ் வராது. என் அம்மா அவர் காதில் மலாயில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் உரக்கக் கேட்டார்: "லாவுட் தடா? ஈக்கான் மானா டாப்பாட்?" கடல் இல்லையென்றால் அவர்களுக்கு மீன் எங்கே கிடைக்கும் என்று நிஜமாகவே கவலைப்பட்டார்.

மாமாவின் கையில் இருந்த கோப்பி பாதியில் நின்றது. "அதானே. கடலே இல்லன்னா கப்பல் எப்படிங்க போச்சு?"

பெரியப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை மெல்லச் சொன்னார்: "ஆத்து வழியா..."

"ஆத்து வழியாவா?" மாமா வீடு அதிரச் சிரித்தார். "யாருகிட்டங்க கத விடுறீங்க? நான் ஆத்துல மண்டோர். தொங்கானே தரை தட்டி நிக்கிது. இவரு கப்பல் மட்டும் ஆத்துல ஏறுச்சாம் லா."

மாப்பிள்ளைக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டன. பிறகு என்னைப் பார்த்தார். நான் இன்னும் ஏதோ சொல்ல வேண்டியிருப்பதுபோல் பார்த்தார். எனக்கும் பல்லுக்குப் பின்னால் வந்து முட்டிக்கொண்டுதான் இருந்தது.

"எனி..." என்று ஆரம்பித்தேன்.

"போதும் தம்பி, நல்லா சொன்ன. உள்ள வா" என்று திரைக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

உள்ளே போய்விட்டேன். ஒரு பெரிய சிரிப்புக்கு முன்னால் உண்மை எப்படித் தொண்டைக்குள் திரும்பிப் போய்விடும் என்பது, அந்த மாப்பிள்ளை மாதிரியே கூச்ச ஆளாக வளர்ந்துவிட்ட எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை. அவர்கள் பலகாரத்தைத் தொடாமல் எழுந்து போனார்கள். வாசலில் அந்த மனிதர் செருப்பைத் தேடி வெகுநேரம் குனிந்திருந்தார்.

தட்டு மாறவில்லை. மாமா பொழுது சாயும்வரை பொய்யர்களைப் பற்றிப் பேசினார். நடுவில் எனக்கும் ஒரு குட்டு வைத்தார், "முன்னாடியே சொல்றதுக்கு என்னடா?" என்று. நான் தினமும் அவர் காதுபடத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அழுகையாக வந்தது. பாதியில் நிறுத்திய பாடம் வேறு வாய்க்குள் அரித்தது. அடுப்படிக்குப் போய் அம்மிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, யாரும் கேட்காமலே முதலிலிருந்து ஒப்பித்தேன். மலைநாடு, பெர்ன், மாடுகள், கடிகாரங்கள், கடல் கிடையாது. எனினும், ரைன் என்னும் ஆற்றின் வழியாகச் சரக்குக் கப்பல்கள்...

அக்கா ஒரு பிடி கேசரியை அள்ளி என் வாயில் வைத்து அழுத்தினாள். மாமா இருந்த கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். "சாப்பிடுடா" என்றாள்.

வந்தவர்களுக்காகச் செய்த கேசரி, நெய் வழிந்தது. ஒரு வரிகூட விடாமல் ஒப்பித்ததற்குப் பரிசு என்று நினைத்துக்கொண்டு, அவள் விரல்களையும் சேர்த்து நக்கினேன்.

காஜா பேராங், ஞாயிற்றுக்கிழமை, 17.3.1991