டேப் பிடித்த உயரம்

நகரத்தின் அந்தக் கோடியில் மரம் வெட்டுகிற ஒருவரின் லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்களாம். ரம்பம் தீட்டுகிற கடைக்காரர் யாரிடமோ கேட்டுச் சொன்னதை, மைத்துனன் இடுப்பில் கயிற்றை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"திருட்டு மரமா?" என்றார் அவனுடைய மாமா ஏணி.

"இல்ல மாமா, அளந்த இடம் தப்பாம். தரையிலேர்ந்து சரியா நாலடி உயரத்துல டேப்ப சுத்தணுமாம். அந்தாளு மேல சுத்திட்டாராம்."

சொன்னவன் மரத்தில் ஏறிப் போய்விட்டான். கீழே நின்றவர் டேப்பைக் கையில் எடுத்தார்.

ஏணி என்பது பட்டப்பெயர். ஆறடி இரண்டங்குலம். பள்ளிப் புகைப்படங்களில் எப்போதும் கடைசி வரிசை. பாதிப் படங்களில் தலை இருக்காது. வண்டியைப் பூட்டினால் திரும்பி வந்து கதவை ஒருமுறை இழுத்துப் பார்க்கிற மனிதர். தொழில் கற்றுக்கொடுத்த முதலாளி சட்டம் என்று சொன்னது இவ்வளவுதான்: "நெஞ்சு மட்டத்துல சுத்தி அள. மூணடிக்கு மேல போனா, சொந்தத் தோட்டமா இருந்தாலும் நகராட்சி அனுமதி வேணும். தெரு மரமா, தொடவே தொடாதே."

முதலாளி குள்ளம். அவர் நெஞ்சுக்கு நாலடி சரியாக இருந்தது. ஏணி பத்தொன்பது வருடமாகத் தன் நெஞ்சுக்கு நேரே அளந்துகொண்டிருந்தார். மேலே போகப் போக மரம் ஒல்லியாகும் என்பது தெரியாதவரா?

தரையிலிருந்து நாலடி அளந்து சாக்பீஸால் கோடு போட்டார். அங்கே டேப்பைச் சுற்றினார். மூன்றடி ஓரங்குலம். போன வாரம் மூன்றடிக்கு அரை அங்குலம் குறைவாக இருந்த அதே மரம். இறுக்கிப் பார்த்தார். மரம் இளைக்கவில்லை.

"என்ன தம்பி, மரத்துக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்றார் வாசலில் நின்ற வீட்டுக்கார டீச்சர்.

"எறங்கு மாப்ள!"

"ஒரு கிளைதான் மாமா போயிருக்கு!"

"அதோட நிக்கட்டும். எறங்கு."

"கூரை போடுறவங்க பன்னெண்டு மணிக்கு வர்றாங்க, அதுக்குள்ள மரம் போகணும்." டீச்சர் படியிறங்கி வந்தார். " அனுமதி வேணாம்னு நீதானே சொன்ன?"

"நான்தான் சொன்னேன் டீச்சர். அளந்தது தப்பு. நான் இவ்வளவு வளந்ததும் தப்பு."

மைத்துனன் இறங்கி வந்து காதோரம் சொன்னான்: "ஒரு மணி நேரத்துல சாச்சிடலாம் மாமா. விழுந்த மரத்தை எவன் அளப்பான்?"

"படுத்துக் கெடந்தாலும் சுத்தளவு சுத்தளவுதான்டா."

அதோடு நிற்கவில்லை மனது; இதுவரை சாய்த்ததெல்லாம் வரிசையாக வந்தது. முடிதிருத்துகிறவர் வீட்டு மரம், மழலையர் பள்ளி மரம், பேக்கரிக்குப் பின்னால் இருந்த இரண்டு. எத்தனை அரை அங்குலங்கள்! லைசென்ஸ் போனால் இந்த வயதில் மறுபடி கிடங்கில் மூட்டை தூக்கவா?

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து நகராட்சி மர அதிகாரியின் எண்ணை அழுத்தினார். இந்த ஒரு மரத்தை மட்டும் கேட்பதா, பத்தொன்பது வருடத்தையும் சொல்லிவிடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

"எடுத்தாங்களா?" என்றார் டீச்சர்.

இல்லையென்று தலையாட்டினார். வைத்துவிடவும் கை வரவில்லை. ஏழாவது தடவையாக மணி அடித்துக்கொண்டிருந்தது.