சாரங்கி செய்த உபகாரம்

"அது ரேடியோ இல்லை, சிடி" என்று இன்று நான் சொல்லவில்லை.

காலையில் லுணுகலையிலிருந்து பதுளை போகும் பஸ்ஸில் டிரைவர் அண்ணன் போட்டது இந்துஸ்தானி சாரங்கி. ராகம் மால்கௌன்ஸ், நள்ளிரவில் வாசிக்க வேண்டியது. என்ன இசை என்று பார்க்கச் சொல்லி சிடி உறையை என்னிடம்தான் கொடுத்திருந்தார்.

பக்கத்து சீட்டில் கல்யாணத் தரகர். பின்னேரம் என்னைப் பெண் பார்க்க ஆட்களைக் கூட்டிவர இருந்தவர். இப்போது வேண்டாம் என்று நான் வீட்டில் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

அவர் திடுக்கிட்டார். "யாரோ பெரிய தலைவர் போயிட்டாரு போலம்மா! அப்பதானே ரேடியோவுல நாள் பூரா இப்படி அழ விடுவாங்க?"

"அப்படிங்களா மாமா?" என்றேன். உறையை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"துக்க நாள்ல பொண்ணு பார்க்கக் கூடாது. சங்கடப்படாத புள்ள." உடனே போனை எடுத்து மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லிவிட்டார்.

பதுளையில் எல்லாக் கடையும் திறந்திருந்தது. "இவங்களுக்கு இன்னும் சேதி வரல" என்றார்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் அவருக்குச் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால், இப்போதே கையைத் தூக்கிவிடுங்கள்.

மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. அவர்களுக்காக அம்மா சுட்ட வடையை நாங்களே சாப்பிட்டோம்.