வண்டி நல்லாத்தான் இருக்கு

கட்டிடத்தை விட்டு இறங்கி நூறு அடிகூட நடந்திருக்க மாட்டோம், முதல் பிக்கப் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் ராமநாதபுரத்துக்காரர், எனக்குப் பழக்கம். கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார், பிறகு என் மனைவியை, பிறகு நோட்டும் பென்சிலுமாக நின்ற மகளை.

"என்னண்ணே, வண்டி ப்ரேக்டவுனா?"

"இல்ல தம்பி. வண்டி நல்லாத்தான் இருக்கு."

"அப்ப ஏன் நடக்குறிய?"

ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு குடும்பம் ரோட்டோரமாக நடந்தால் ஒன்று வண்டி நின்றுபோயிருக்க வேண்டும், இல்லை சண்டை போட்டுக்கொண்டு பாதியில் இறங்கியிருக்க வேண்டும். "சும்மாதான்" என்றேன். அவர் நம்பவில்லை. "எதுனாலும் போன் போடுங்கண்ணே" என்று, சண்டை நடந்த வீட்டுக்குச் சொல்கிற குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் நடந்ததற்குக் காரணம் மகளின் ஆங்கிலப் பாடப்புத்தகம். அதில் இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமம். ஒரு குடும்பம் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு நடக்கக் கிளம்புகிறது. குறுக்கே வேலி வந்தால் அதில் போட்டிருக்கும் மரப்படியில் ஏறி அந்தப் பக்கம் இறங்குகிறார்கள். ஆடு பார்க்கிறார்கள், ஓடை பார்க்கிறார்கள், சேற்றில் பூட்ஸை விட்டு எடுக்கிறார்கள். ஒரு கடையில் கேக் சாப்பிட்டுவிட்டு வேறு வழியாக அதே வீட்டுக்கு வந்து சேர்கிறார்கள். எதற்காகப் போனார்கள் என்று கடைசிவரை போடவில்லை. நான் இரண்டு தடவை படித்துத் தேடினேன்.

நாலாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் அதேபோல் குடும்பத்தோடு நடந்து, பார்த்ததையெல்லாம் மேப்பாக வரைந்து, திங்கட்கிழமை வகுப்பின் முன்னால் நின்று சொல்ல வேண்டுமாம்.

"பார்க்குக்கு கார்ல போயி, அங்க எறங்கி நடப்போமே" என்றேன்.

"வீட்டு டோர்லேர்ந்து ஸ்டார்ட் பண்ணணும், வாப்பா."

"அந்த ஊர்ல கதவைத் தொறந்தா ஆடு நிக்கும்மா. இங்க தொறந்தா லிஃப்ட் நிக்கும். அதுவும் வந்தாத்தான்."

"அப்ப லிஃப்ட்ட வரையறேன்."

நெட்டில் ஒரு மேப் எடுத்துத் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி கண்ணால் அடக்கினாள். காரணம், எரிமலை.

நான் கராஜ் கராஜாகப் போய் கார் ஏசி சாமான் விற்கிறவன். போன பருவத்தில் மகளுக்கு எரிமலை மாதிரி ஒன்று செய்யவேண்டி வந்தபோது, தெரிந்த கராஜில் கொடுத்துவிட்டேன். டிங்கர் வேலை செய்கிறவர் பட்டி பூசி மலை எழுப்பினார். பெயின்டர் யாரோ ஒருவருடைய காரில் மிஞ்சிய சிவப்பை அடித்தார். மலையின் வாயில் ஒரு இண்டிகேட்டர் பல்பு விட்டு விட்டு எரிந்தது. பிள்ளை அதைக் கையில் வாங்கியதே பள்ளிக்கூடம் போகிற காலையில்தான். டீச்சர், "இதை எப்படிச் செய்தாய்?" என்று கேட்டிருக்கிறார். அவள் நின்றிருக்கிறாள். மொத்த வகுப்பும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு வார்த்தை இல்லாமல் நின்றிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து அழவில்லை. அழுதிருந்தால் ஐஸ்கிரீமோடு முடித்திருப்பேன். "இனிமே நான் பாத்ததை மட்டுந்தான் சொல்வேன். நீங்க எதுவும் செய்யக் கூடாது" என்றாள். ஒன்பது வயது. என் மேனேஜர்கூட என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

ஆகவே சனிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து நடந்தோம். ஜனவரி மாதம், நல்ல காற்று. அனுபவிக்கத்தான் எனக்குத் தெரியவில்லை. எனக்கு நடை என்றால் வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து கராஜ் வாசல் வரை. அதைத் தாண்டினால் காலுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. நான் முன்னால் போய்விடுவதும், அவர்கள் வரும்வரை நின்று நேரம் பார்ப்பதுமாக இருந்தேன்.

"ஏங்க, ஜனாஸா அடக்கத்துக்கு நேரமாயிட்ட மாதிரி ஏன் ஓடுறீங்க?" என்றாள் மனைவி. "கையை வெளிய எடுங்க."

அப்போதுதான் கவனித்தேன். பாக்கெட்டுக்குள் கார் சாவியின் பொத்தானை அமுக்கிக்கொண்டே வந்திருக்கிறேன்.

மகள் மட்டும் அவசரமே இல்லாமல் வந்தாள். டயர் அடுக்கின்மேல் தூங்கிய பூனையை வரைந்தாள். தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் ஒன்றின் பின்சுவரை ஒட்டி வந்தபோது அப்படியே நின்றுவிட்டாள். சுவர் நெடுக பெயின்ட் வாளிகள், வாளிகளில் கீரை, பச்சைமிளகாய். கயிறு கட்டி ஏற்றிய கொடியில் சுரைக்காய் தொங்கியது. மேலே வரிசையாக ஏசிகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாய் இறங்கி வாளிக்கு வாளி தண்ணீர் சொட்டியது. லுங்கியோடு நின்ற பெங்காலிக்காரர் ஒருவர் மகளைப் பார்த்துச் சிரித்து, ஒரு சுரைக்காயைப் பறித்து அவள் கையில் கொடுத்தார். ஏசியில் தண்ணீர் சொட்டுகிறது என்பதைப் புகாராக மட்டுமே கேட்டுப் பழகியவன் நான். பதினோரு வருஷமாக அந்தச் சுவரை ஒட்டித்தான் வண்டியை நிறுத்துகிறேன்.

"வாப்பா, இது எத்தன நாள்ல வளரும்?"

"தெரியாதும்மா. வா, நேரமாவுது."

"எதுக்கு நேரமாவுது?"

நான் மறுபடி மணியைப் பார்த்தேன்.

டயர்க்கடைச் சந்து தாண்டிப் பெரிய ரோட்டுக்கு வந்ததும் ஒரு வெள்ளை ஜீப் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஒரு கராஜ் முதலாளி, பெஷாவர்க்காரர், என் சரக்கில் பாதியை வாங்குகிறவர். உருதுவில்தான் பேசுவார். இறங்கியே வந்துவிட்டார்.

"ஃபேமிலி ரோட்ல நிக்குது. நான் பாத்துட்டுப் போறதா? ஏறு பாய், யல்லா."

"வண்டி நல்லாத்தான் இருக்கு பாய்."

"நல்லா இருக்கிற வண்டிய வீட்ல வச்சுட்டு சுரைக்காய் தூக்கிட்டு நடப்பியா? ஏறு."

மகள் என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அவரிடம் வேண்டாம் என்று சொல்லலாம்தான். சொல்லவில்லை. "ரவுண்டபவுட் வரைக்குந்தாம்மா" என்று சொல்லிக் கதவைத் திறந்தேன். உண்மையைச் சொன்னால், சீட்டில் உட்கார்ந்ததும் எனக்கு சுகமாகத்தான் இருந்தது.

இரண்டு நிமிஷப் பயணம். மகள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். ரவுண்டபவுட்டிலிருந்து வீடுவரை தரையைப் பார்த்தபடியே நடந்தாள்.

வீட்டில் மேப்பை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூனை இருந்தது, சுரைக்கொடி இருந்தது. டயர்க்கடைச் சந்தோடு நின்றுபோன கோடு, மறுபடி ரவுண்டபவுட்டில்தான் ஆரம்பித்தது.

"நடுவுல ஒரு துண்டு இல்ல" என்றாள்.

"அந்த ரோடு எனக்குக் கண்ணக் கட்டிவிட்டாலும் தெரியும். நான் சொல்றேன், நீ வரை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வால்கேனோ" என்றாள். ஒரே வார்த்தை.

மனைவி அடுப்படியிலிருந்து என் செருப்பைக் காட்டினாள். "வெளிச்சம் இருக்கும்போதே கூட்டிட்டுப் போங்க. சாவிய இங்க வச்சிட்டுப் போங்க."

கார் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, நானும் மகளும் டயர்க்கடைச் சந்துவரை திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தோம். பத்தடி போயிருப்போம். அதே வெள்ளை ஜீப், அதே மனுஷன்.

"பாய், உன்ன வீட்டுக்கிட்ட எறக்கிவிட்டேனே. மறுபடி எப்படி இங்க வந்தே?"

"நடக்குறதுக்குத்தான் வந்தோம். பிள்ளைக்கு ஸ்கூல்ல சொல்லணும். ஏற மாட்டோம், பாய். கோவிச்சுக்காதீங்க."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். மாதக் கடைசியில் ஆர்டர் வராமல்போனால் என்ன ஆகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். "மாத்திரை கீத்திரை சாப்பிடுறியா?" என்று கேட்டார். பிறகு வண்டிக்குப் போய்விட்டார். ஆனால் விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. நாலு விளக்கையும் மினுக்கவிட்டு, எங்களுக்குப் பின்னால் நடைவேகத்தில் ஜீப்பை உருட்டிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் நின்ற லாரிகளெல்லாம் ஹாரன் அடித்தன.

நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கை தானாகப் பாக்கெட்டுக்குள் போய் இல்லாத சாவியைத் தேடியது. "வாம்மா, சீக்கிரம். அவரு நம்மளால நிக்கிறாரு."

"அவருதானே வராரு. நாம நடக்குறோம்" என்றாள் மகள். நின்று, ஒரு கடையின் கூண்டிலிருந்த கிளிகளை எண்ணி, எழுதிக்கொண்டு, பிறகுதான் காலை எடுத்து வைத்தாள். ரவுண்டபவுட் வந்ததும் ஜீப்புக்குக் கையசைத்தாள். அவர் ஒரு ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

திங்கட்கிழமை எனக்கு வேலையே ஓடவில்லை. ஸ்கூல் பஸ் வருவதற்கு அரைமணி நேரம் முன்பே கட்டிட வாசலில் போய் நின்றேன். இறங்கியவள் பையை என் கையில் கொடுத்தாள்.

"டீச்சர் கேள்வி கேட்டாங்களா?"

"கேட்டாங்க. சுரைக்காய்க்கு எங்கேர்ந்து தண்ணி வருதுன்னு கேட்டாங்க, சொன்னேன். அப்புறம் மேப்ல அந்த ஜீப் ஏன் உங்க பின்னாடியே வருதுன்னு."

"நீ என்ன சொன்னே?"

"எங்க ஊர்ல நடந்தா அப்படித்தான் வரும்னு சொன்னேன்."

லிஃப்ட் வருகிற வழியாக இல்லை. அவள் படியில் ஏற ஆரம்பித்துவிட்டாள். எங்கள் வீடு நாலாவது மாடி. பையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.