எட்டும் இரண்டும்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள். கல்யாணப் பத்திரிகை உறையில் பெயர் எழுதும் வேலையைக்கூடத் தங்கையிடம் தள்ளிவிடுவேன். தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாமா செய்த புள்ளிப் பலகையைப் பற்றி எழுத வேறு ஆள் இல்லை. அன்று அதன் பின்னால் உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான்.

மாமா அம்மாவின் தம்பி. எனக்குப் பத்து வயதில் அவர் கிள்ளானுக்குப் பக்கத்தில் பண்டமாரானில் எங்கள் வீட்டு முன்னறையில் தங்கியிருந்தார். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது அவரையும் அனுப்பிவிட்டார்கள். என்னிடம் மட்டும் மாமா நீண்ட லீவில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தார்கள். அப்பா சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மாமா சாப்பிடத் தட்டை எடுப்பார் என்பதையும் அந்த லீவின் வழக்கமென்றே எண்ணியிருந்தேன்.

எங்கள் பகுதிக் கபடிக் குழுவின் தலைவருக்குக் கிள்ளானில் மின்சாமான் கடை இருந்தது. அங்கே ரிப்பேர் வேலை கேட்டுப் போன மாமாவிடம், முதலில் போட்டிக்கு ஒரு புள்ளிப் பலகை செய்து காட்டு, பிறகு பார்க்கலாம் என்றாராம். மாமா மூன்று வாரம் அதிலேயே கிடந்தார். பலகையின் முன்பக்கம் கார் பல்புகளை 8 என்ற எண்ணின் வடிவில் ஏழு ஏழு கோடாகப் பதித்தார், அணிக்கு இரண்டு இலக்கம். பின்பக்கம் இலக்கத்துக்கு ஒரு பெட்டி. பெட்டியில் நான்கு சுவிட்சுகள்; கீழே எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று என்று எழுதியிருக்கும். நான்கையும் ஒன்றையும் ஏற்றினால் முன்னால் ஐந்து எரியும். உள்ளே இருக்கிற ஐசி என்ற சின்னச் சில்லுக்கு ஆமாம், இல்லை இரண்டும்தான் தெரியும், மற்றதை அது கூட்டிக்கொள்ளும் என்பார். ஒரே ஒரு கட்டளை. பெட்டி ஒன்பதோடு நிற்க வேண்டும். பத்துக்குப் பக்கத்துப் பெட்டியில் ஒன்றைப் போட்டு, இதைச் சைபராக்க வேண்டும்.

சுவிட்சுகளுக்கு என்னை உட்கார வைத்ததில் ஒரு தந்திரம் இருந்தது. சின்னப் பிள்ளைகூட ஓட்டும் பலகை என்று தலைவர் பார்க்க வேண்டும். அம்மா தீபாவளி கவுனை எடுத்துத் தேய்த்து வைத்தாள்.

போட்டிக்கு முதல் நாள், பலகையின் பேட்டரி சார்ஜுக்குப் போயிருந்த நேரத்தில், சும்மா சுவிட்சுகளைத் தட்டிக்கொண்டிருந்த நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். எட்டும் இரண்டும் பத்து. நான்கு சுவிட்சையும் ஏற்றினால் பதினைந்து. ஒரே பெட்டியில் இவ்வளவு இடமிருக்க, மாமா எதற்கு ஒன்பதிலேயே நின்று அடுத்த பெட்டிக்கு ஓடுகிறார்? பாவம், அவருக்கு இது தோன்றவில்லை என்று இரக்கப்பட்டேன். நாளைக்குச் செய்து காட்டி அசத்தலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மாலை, ஒன்பது புள்ளி வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. ஒவ்வொரு புள்ளிக்கும் கூட்டம் பலகையைப் பார்த்துக் கைதட்டியது. எங்கள் அணி அடுத்த புள்ளி எடுத்ததும், ஒன்றை இறக்கி இரண்டை ஏற்றினேன்.

கூட்டம் சிரித்தது. ஓரமாக எட்டிப் பார்த்தேன். பத்தைக் காணோம். பலகையின் கீழ்ப்பாதியில் மூன்று கோடு மட்டும் எரிந்து, ஆங்கிலச் சின்ன 'சி' எழுத்துப்போல ஒன்று நின்றது.

"ஒம்பதுக்கு மேல இங்கிலீஷ்லதான் எண்ணுமா தம்பி?" என்று யாரோ கத்தினார்கள்.

எல்லாச் சுவிட்சுகளையும் இறக்கிவிட்டேன். மாமா முன்னால் தலைவர் பக்கத்தில் நின்று அந்தக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பி அவரிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

"வயர் லூஸ் அண்ணே. என் சோல்டரிங்தான் சரியில்ல."

"திடல்லயே இப்படின்னா கடையில எப்படி லா தம்பி?" என்றார் தலைவர். கோபமாகச் சொல்லவில்லை. பழைய எண் அட்டைகளை எடுத்து வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

மாமா பின்னால் வந்து வயர்களுக்குள் கையை விட்டுக் கொஞ்ச நேரம் எதையோ துழாவினார். பிறகு என்னிடம் மெதுவாக, "அந்தப் பெட்டியில ஒண்ணு, இதுல சைபர். போடும்மா," என்றார். பத்து எரிந்தது. கடைசிவரை பலகை ஒரு தப்பும் செய்யவில்லை. அதற்குள் எல்லோரும் அட்டையைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் மாமா, துருவிய ஐஸில் சிரப் ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கித் தந்தார். நல்ல வேளை, வயர்மேல் பழி போயிற்று என்று சுரண்டிச் சுரண்டிச் சாப்பிட்டேன்.

வளர்ந்து நானும் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் ஓப்பரேட்டராகச் சேர்ந்தேன். ஒருநாள் சோதனை மேசையில் அதே குறி எரிந்தது. இயந்திரம் கெட்டுவிட்டது என்று டெக்னீஷியன் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் எட்ட நின்றே பார்த்துவிட்டு, "கெடலக்கா. எட்டும் ரெண்டும் சேர்ந்து உள்ள போயிருக்கு. பத்துக்கு இந்த ஐசி இப்படித்தான் காட்டும்," என்றான்.

அன்று அந்தத் திடலில் அந்தக் குறியைப் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவர் அதைப் படித்துவிட்டுத்தான் தலைவர் பக்கம் திரும்பியிருக்கிறார்.

போட்டிக்கு மறுநாள் காலையில் மாமா அப்பாவோடு அவர் வேலை செய்த துறைமுகத்துக்குப் போய், லோரியில் சாமான் ஏற்றும் வேலையில் சேர்ந்தார். சாயங்காலம் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.